பகல் தூக்கமும் ஒரு பக்கெட் எலுமிச்சைப்புல்லும்

எங்கள் வரிசையில் தூக்கம் என்பது பெரும்பாலும் பகலில்தான் நடந்தது. காத்திவாக்கம் பக்கத்தில், எண்ணூர் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஆண்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்ப்பவர்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள், ஊரெல்லாம் இட்லிக்குச் சட்னி அரைக்கிற நேரத்தில் வந்து படுப்பார்கள். வெளியே வெயில் கொளுத்தும், மீன்காரம்மா கூவுவார், கண்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முந்தப் பார்த்து ஹாரன் அடிக்கும். இதற்கு நடுவில் ஒரு மனிதன் தூங்கி எழுந்து மறுபடி டியூட்டிக்குப் போக வேண்டும். தூங்காமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கொதிக்கிற பாய்லருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் பக்கத்தில் கண் சொக்கினால் என்ன ஆகும் என்று வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அதனால் தூக்கத்தைக் காப்பாற்றுவது எங்கள் வேலையாக இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது எதுவும் தெரியாது. நான் ராயபுரத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண். அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, மார்க்கெட் அருகே பருப்பு, புளி, கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர். எங்கள் வீட்டில் தூக்கம் கடை ஷட்டர் மாதிரி. இறக்கினால் இறக்கியதுதான், விடிந்து மாதா கோயில் மணி அடித்தால் தூக்கியதுதான். தூக்கம் வரவில்லை என்று யாராவது முனகினால் அப்பா, "அப்ப சும்மா ஏன் கிடக்க? வா, வந்து புளியில கொட்டை எடு" என்பார். அடுத்த நிமிடம் எல்லோருக்கும் தூக்கம் வந்துவிடும்.

அந்த அப்பாவின் முகத்தை உயிரோடு கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. காரணம், நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்க வைத்தது ஒரு டம்ளர் எலுமிச்சைப்புல் டீ. எழுப்பாமல் விட்டது, அந்தப் புல்லை எனக்குக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா. அவளை மன்னிப்பதா வேண்டாமா என்று பல மாதம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்ல வந்தேன். ஆனால் புல்லிலிருந்து தொடங்கினால்தான் அவளிடம் போய்ச் சேர முடியும்.

கல்யாணமான முதல் மாதமே என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட் வந்தது. காலையில் திரும்பியவரைப் புதுப்பெண் உற்சாகத்தில் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். கேஸ் தீர்ந்துபோச்சு, குழாயில் தண்ணி வரல, உங்க அண்ணி நேத்து இப்படிப் பேசிட்டுப் போனாங்க என்று வரிசையாகக் கொட்டினேன். மனுஷர் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். மதியம் வரை புரண்டுகொண்டே இருந்தார். அவர் அடுத்த டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும் பக்கத்து வீட்டு அக்கா வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமே, நைட்டு பார்த்துட்டு வர ஆம்பளயாண்ட வாசல்லயே நியூஸ் படிக்கிற? ரேடியோவா நீ? தூங்கி எய்ந்தப்பால சொல்லு. அதுக்கு முன்னாடி வாயத் தொறக்காத. கேஸு தீந்துட்டா எங்கூட்டு அடுப்பாண்ட வா."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரரிடம் நான் என்ன பேசுவது என்று சொல்ல இவள் யார்? முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாள் விடிந்ததும் ஒரு எவர்சில்வர் சொம்போடு வந்து நின்றாள். முந்தின நாள் நடந்ததே அவளுக்கு ஞாபகம் இல்லாத மாதிரி, "சூடா கீது, பார்த்து வாங்கு. வந்ததும் குளிக்க வுடு, இத்த குடு, படுக்க வுடு. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

மூடியைத் திறந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை. ஆனால் குடித்துப் பார்த்தால் புளிப்பே இல்லை. இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த வெந்நீர், தட்டிப் போட்ட இஞ்சி, துளி வெல்லம், அவ்வளவுதான். இதுவா தூங்க வைக்கப்போகிறது என்று உதட்டைப் பிதுக்கினேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் குடித்துவிட்டுப் படுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தூங்கினார். டீ தூங்க வைத்ததா, என் வாய் மூடியிருந்தது தூங்க வைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால் சிரிப்பார்.

அக்காவின் அப்பா அம்மா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். வந்தவர்களை வியாசர்பாடிப் பக்கம் குடியேற்றினார்களாம். அக்கா பிறந்தது இங்கேதான், பேச்சும் சுத்தமான மெட்ராஸ். ஆனால் அவள் வீட்டில் மீன் சமைத்தால் குழம்பில் இந்தப் புல்லின் தண்டை நசுக்கிப் போடுவார்கள். மீனின் கவுச்சி அடங்கி, தெருவே நின்று மூச்சை இழுக்கும். புல்லையும் அதே கப்பலில்தான் கொண்டுவந்தார்கள் என்று அவள் சொல்வாள். அத்தனை நாள் வேர் எப்படிக்கா தாங்கும் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "ஏன், நாங்க தாங்கல?" என்று முறைத்தாள். அதன்பிறகு கேட்கவில்லை.

எனக்கென்று ஒரு தூர் பிரித்துக் கொடுத்தாள். பெயிண்ட் பக்கெட்டின் அடியில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, மண் நிரப்பி, வேரோடு தண்டை நட்டோம். எங்கள் மண்ணில் உப்பு, தண்ணீரில் உப்பு, காற்றில் சாம்பல். வேறு எந்தச் செடியும் எங்கள் வாசலில் ஒரு மாதம் தாண்டியதில்லை. ரோஜா வைத்தேன், செத்தது. துளசி வைத்தேன், கருகியது. இந்தப் புல்லோ, அரிசி களைந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு பக்கெட்டை உடைத்துவிடும் போல வளர்ந்தது. வெட்ட வெட்டத் தழைத்தது. ஒரே ஒரு தொல்லை, இலையில் படிகிற சாம்பல். பறித்ததைக் கழுவினால் முதல் தண்ணீர் மை கரைத்த மாதிரி போகும். தண்ணீர் தெளிகிற வரை விடாமல் கழுவ வேண்டும். கழுவச் சோம்பல்பட்டால் டீயில் அனல்மின் நிலையத்தைக் குடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அக்காவிடம் கேட்டுக் கேட்டு நானே அதற்கு ஒரு வைத்தியச்சி மாதிரி ஆகிவிட்டேன். இலையை விட அடித்தண்டில்தான் சாறு அதிகம், அதை நசுக்கிப் போட வேண்டும். தளதளவென்று கொதிக்க விடக்கூடாது, தண்ணீர் கொதித்ததும் போட்டு மூடி இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசனை முழுக்கக் கூரைக்குப் போய்விடும். பால் சேர்த்தால் சாதா டீயாகிவிடும், தூக்கம் வராது என்பது அவள் கட்சி. வயிறு உப்பிசத்துக்கு இஞ்சி கொஞ்சம் தூக்கலாக. சளிக்கு மிளகு. ஜுரம் வந்து உடம்பு முறித்துப் போட்டால் இதே தண்ணீரில் ஆவி பிடிப்பது. தலைவலிக்கு இலையைக் கசக்கி முகர்வது. சாயந்திரம் கொசு வந்தால் இரண்டு இலையைக் கையில் தேய்த்துக் காலில் தடவிக்கொள்வது. கொசு போகுமோ போகாதோ, கால் வாசனையாக இருக்கும்.

நான் உண்டானது தெரிந்ததும் அவளே வந்து என் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "வயித்துல புள்ளயோட இத்த குடிக்காத. ஒண்ணும் ஆவாதுன்னு சொல்வாங்கோ. ஆனா நீ குடிக்காத" என்றாள். எல்லா வியாதிக்கும் இதுதான் மருந்து என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மனசு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கைகளாலும் சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார ஒரு சாக்கு, அதுதான் இதன் முதல் பயன் என்று நான் நினைத்துக்கொள்வேன். என் பங்குக்கு வெல்லத்தை மாற்றினேன். அப்பா கடையிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து போட்டேன். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கப்பன் கடையில இத்தப் போய் ஒளிச்சி வெச்சிகினு கீறீங்க" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு முறை நான் ராயபுரம் போகும்போதும் அப்பா, "உன் புல்லுக்காரிக்கு" என்று தனிப் பொட்டலம் கட்டி வைத்திருப்பார். அக்கா அவருக்கென்று கொடுத்தனுப்பும் புல் கட்டை நான் அவர் கையில் கொடுப்பேன். அவர்கள் இருவரும் நேரில் பார்த்தது ஒன்றிரண்டு முறைதான். ஆனால் ஒருவர் கையால் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நாங்கள் திருவொற்றியூரில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். போன மாதம் என் மகள் போனில் ஆர்டர் போட்டு ஒரு பெட்டி வாங்கினாள். நூல் கட்டிய சின்னச் சின்னப் பைகள். பெட்டி மேலே மன அமைதிக்கு என்று அச்சடித்திருந்தது. குடித்துப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் சோப்பு வாசனை. அமைதிக்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் வந்தது. பால்கனியில் என் பக்கெட் பச்சையாக நிற்கிறது, அதைக் கழுவி வெட்ட அவளுக்கு நேரம் இல்லையாம்.

வரிசையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவர் தன் பூட்ஸை உள்ளே கொண்டுபோக மாட்டார். கரியும் சாம்பலும் அப்பிய அந்த பூட்ஸ் வாசற்படியில் இருக்கும். வாசலில் பூட்ஸ் இருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். அதன்பிறகு அந்தக் கதவை யாரும் தட்டக்கூடாது. சிலிண்டர்காரர் தட்ட மாட்டார். மீன்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும்போது கூவாமல் போய், அடுத்த வீட்டில் மறுபடி ஆரம்பிப்பார். சண்டை போடுகிறவர்கள்கூடக் குழாயடிக்குப் போய்ப் போடுவார்கள். எவ்வளவு பெரிய சேதியானாலும் பூட்ஸ் இருக்கிற வாசலில் சொல்லக்கூடாது. யாரும் இதை எழுதி வைக்கவில்லை. எங்களுக்கு இது கோயில் கட்டளை மாதிரி. நானும் எத்தனையோ முறை மற்றவர்களுக்காக அப்படி நின்றிருக்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் வரிசையில் போன் இருந்தது அக்கா வீட்டில் மட்டும்தான். அந்த நம்பரைத்தான் நாங்கள் எல்லோரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்தோம். பி.பி. நம்பர் என்போம். போன் வந்தால் அக்கா வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பாள், நாங்கள் ஓடுவோம்.

அந்த நாள் வந்தபோது என் மகளுக்குப் பல் முளைக்கிற வயது. சில நாட்களாக ஜுரம், அழுகை, தோளைவிட்டு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் முந்தின நாள் மதியம் போனவர். மாற்ற வேண்டிய ஆள் வராததால் ராத்திரி ஷிப்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கண் சிவந்து காலையில் வந்தார். பூட்ஸைக் கழற்றும்போதே சுவரில் சாய்ந்துகொண்டார். குழந்தைக்கு அப்போதுதான் ஜுரம் விட்டு வியர்த்திருந்தது. இரண்டு வாசலுக்கும் நடுவிலிருந்த குட்டைச் சுவரின் மேல் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"நீயும் ரவ குடிச்சிட்டு படுமே. மூஞ்சப் பாரு, பேயடிச்சா மாதிரி கீது."

சரி என்று அவருக்குப் போட்டதில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டேன். குழந்தையை அணைத்துக்கொண்டு படுத்ததுதான் தெரியும்.

அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னும் நான் தூங்கியதில்லை, பின்னும் இல்லை. எழுந்தபோது மதியம் தாண்டியிருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. குழந்தை பக்கத்தில் தானாக விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சத்தம் இல்லை. எங்கள் வரிசையில் எந்தப் பகலிலும் அவ்வளவு அமைதி இருந்ததில்லை. பரவாயில்லையே, இன்றைக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்களா என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடியே கதவைத் திறந்தேன். இதைத்தான் என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் சிரித்தபடி கதவைத் திறந்தேன்.

வரிசை மொத்தமும் வெளியே இருந்தது. பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். சின்னப் பிள்ளைகளின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார்கள். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுப் படியில் அக்கா, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"அப்பா போயிட்டாருமே" என்றாள்.

ராயபுரம் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைப் பெட்டியில் வைத்து, வேட்டி சட்டை போட்டு, தலை வாரி விட்டிருந்தார்கள். அவர் ஒருநாளும் அப்படி வகிடு எடுத்ததில்லை. என் தம்பி என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "ஏன்க்கா வரல? காலையிலேயே போன் பண்ணினேனே" என்பதுதான். கடை திறக்கப் போன அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் தம்பி அக்கா வீட்டுக்குப் போன் செய்திருக்கிறான். அதற்கப்புறமும் அப்பாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. என் பெயரைச் சொல்லி, வந்துட்டாளா என்று கேட்டிருக்கிறார். மறுபடியும் கேட்டிருக்கிறார். உயிர் போன பிறகு தம்பி இரண்டாவது போனும் செய்திருக்கிறான்.

காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் என்ன, வேறு தேசமா? ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் போயிருப்பேன். அப்பா கேட்கும்போது பதில் சொல்ல இருந்திருப்பேன்.

அடக்கம் முடிந்து, ஜெபம் எல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்றே அக்கா வாசலில் போய் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பது முழுதாக ஞாபகம் இல்லை. யாரைக் கேட்டு என் அப்பாவை எனக்குக் காட்டாமல் வைத்தாய், உன் பூட்ஸும் உன் புல்லும் நாசமாய்ப் போக என்றெல்லாம் கத்தியதாகப் பிற்பாடு சொன்னார்கள். பகல் நேரம், இரண்டு வாசலில் பூட்ஸ் இருந்தது. யாரும் என்னை அடக்கவில்லை. அக்கா ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. துறைமுகம் வரைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு. அன்றைக்கு அது எங்கே போனதோ.

அதோடு பேச்சு நின்றது. நடுவில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். குழாயடியில் அவள் குடம் முன்னால் இருந்தால் நான் அப்புறம் வருவேன். என் மகள் பழக்கதோஷத்தில் அவள் வீட்டுக்குத் தவழ்ந்து போனால் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டுக்காரர் ஒரு தடவை, "அவங்க வேணும்னு பண்ணலியே" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அந்தப் புல்லைத் தொடவே கூடாது என்று தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அந்தச் சனியன் மழையைக் குடித்துக்கொண்டு முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் வாசனை உள்ளே வரும். ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்பாவுக்காக அழக்கூட முடியவில்லை. அழுகை வரும்போதெல்லாம் கோபம் முன்னால் வந்து நின்றுகொண்டது. அதோடு அவள் இல்லாமல் பகல் ஓடவில்லை. யாரிடம் திட்டு வாங்குவது, யாரோடு உட்கார்ந்து இறால் உரிப்பது? அவளை வெறுத்துக்கொண்டே அவள் சமையல் வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து பனி இறங்கிய ஒரு காலையில் அக்காவின் வீட்டுக்காரர் என் வாசலுக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். கையில் ஒரு கத்தி.

"தங்கச்சி, தப்பா நெனச்சிக்காத. ரவ புல்லு கட் பண்ணிக்கவா?"

"உங்க வீட்டுல இல்லாத புல்லா?" என்றேன் வெடுக்கென்று.

"அத்த அல்லாம் அன்னிக்கே புடுங்கிப் போட்டுட்டா. ஒங்கப்பா காரியம் முடிஞ்சி நீ வந்து கத்தின அன்னிக்கே. போனு கனெக்சனையும் எடுக்கச் சொல்லிட்டா. அப்போலேந்து சரியாத் தூங்கறதே இல்ல தங்கச்சி. கண்ணு ரவ மூடினா, போனு அடிக்குதுன்னு எய்ந்து குந்திக்கிறா. போனே இல்ல, எங்கேந்து அடிக்கும்? டாக்டராண்ட இட்டுகினு போனேன். மாத்திரை போட்டா சொவத்தப் புடிச்சிகினு நடக்கிறா. நா டூட்டிக்குப் போனா கூட யாரும் இல்ல. ஒரே பேஜாரா கீது."

சொல்லிவிட்டுக் குனிந்து புல்லின் நுனியைப் பிடித்து அறுக்கத் தொடங்கினார். நுனியில் என்ன இருக்கிறது, வெறும் தழை. அதுவும் எதிர்த்திசையில் உருவினால் ரம்பம் மாதிரி கிழிக்கும். விரலில் ரத்தம் வந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"விடுங்கண்ணா. உங்களுக்கு அது தெரியாது. போங்க, நான் வரேன்" என்றேன்.

அடித்தண்டோடு வெட்டினேன். மாதக்கணக்கில் படிந்த சாம்பல், கழுவக் கழுவத் தண்ணீர் கறுப்பாகவே போனது. தெளிகிற வரை கழுவினேன். இஞ்சி தட்டினேன். அப்பா கடைசியாகக் கட்டிக் கொடுத்த கருப்பட்டிப் பொட்டலம் டப்பாவில் அப்படியே இருந்தது, பிரிக்க மனசு வராமல் வைத்திருந்தேன். புல்லுக்காரிக்கு என்று கொடுத்ததுதானே. பிரித்தேன்.

அக்கா பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. நான் உள்ளே வந்ததைப் பார்த்துவிட்டுச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள், யாரோ பெரிய விருந்தாளி வந்த மாதிரி. டம்ளரை அவள் முன்னால் வைத்தேன். கத்துவதற்காக அல்லாமல், தெரிந்துகொள்வதற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"ஏன்க்கா எழுப்பல?"

டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"மொதோ போன்ல ஆஸ்பத்திரில சேத்துகீறோம், வரச்சொல்லுன்னாரு ஒந்தம்பி. ஆஸ்பத்திரின்னா ரெண்டு நாள் வெச்சிப் பார்ப்பாங்கன்னு நெனச்சேன். ஒம்புருசன் ரெண்டு ஷிப்ட் பார்த்துட்டு வந்துகீறாரு, ரவ நேரம் போவட்டும், அப்பால சேர்ந்து போவாங்கன்னு நெனச்சேன். கதவாண்ட வந்தேன்மே. கையத் தூக்கினேன். பூட்ஸப் பார்த்தேன். கைய எறக்கிட்டேன். அது தப்புதான். எங்க போயி நின்னு சொன்னாலும் அது தப்புதான்."

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அப்பால ரெண்டாவது போனு வந்துச்சு. செருப்பு கூட போடாத ஓடியாந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா, நீ கொயந்தயக் கட்டிகினு தூங்கிகினு கீற. வாயத் தொறந்துகினு, சின்னப் புள்ள மாதிரி. நீ அப்டித் தூங்கி நா பார்த்ததே இல்ல. எய்ப்பினா மட்டும் அவரு வந்துடப் போறாரா? கண்ணத் தொறந்தா ஒனக்கு அப்பன் இல்ல. இனிமே இவ எப்போ இப்டித் தூங்கப் போறா, எய்ந்திருக்கிற வரைக்குமாவது அவளுக்கு அப்பன் இருக்கட்டும்னு நெனச்சேன். அல்லார் வாயையும் பொத்தினேன். மீன்காரியக் கூட கூவாத குந்துன்னு சொன்னேன். அது ஒம்புருசனுக்காக இல்லமே. ஒனக்காக."

அப்போதுதான் அழுதேன். அப்பா போனதற்கு அன்றைக்குத்தான் ஒழுங்காக அழுதேன். அவள் என்னைத் தொடவில்லை, தொட அவளுக்குப் பயம். டம்ளர் மேல் எழும்பிய ஆவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்த முதல் போனை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அதற்குப் பிறகு, அப்பா இல்லாத உலகத்தில், அது தெரியாமல் எனக்கு மட்டும் அப்பா இருந்த அந்தக் கொஞ்ச நேரம், அதை எனக்குக் கொடுத்தவளும் அவள்தான். இரண்டையும் ஒன்றாக வைத்து என்ன கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கோவம் போச்சாமே?" என்று கேட்டாள், ரொம்பச் சின்னக் குரலில்.

"போகல" என்றேன். "குடி, ஆறிடும்."

குடித்தாள். பாதி டம்ளரிலேயே கருப்பட்டியின் ருசி தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். மிச்சத்தையும் குடித்தாள். அப்படியே என் பக்கம் தலைவைத்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு எழப் பார்த்தாள்.

"எதுவும் அடிக்கல. அடிச்சா நான் எடுக்கிறேன், நீ தூங்கு" என்றேன். இல்லாத போனுக்கு நான் பொறுப்பு ஏற்றுக்கொண்டேன்.

அவள் தூங்கினாள். வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு. வீட்டில் என் மகளுக்குச் சோறு ஊட்டும் நேரம் வந்தது. அவள் அப்பா பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். சாயந்திரம் அக்கா தானாகக் கண் விழிக்கிற வரைக்கும் நான் அங்கிருந்து எழுந்து போகவில்லை. என் கோபமும் போகவில்லை, என் பக்கத்திலேயே அவளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.